கொசு கிட்டே வரவில்லை, ஹெல்மெட்தான் போய்விட்டது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஸ்ப்ரேயைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கொசுவை விரட்டுகிற வேலையை மட்டும் பார்த்தால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். இதுவரை என் பெண்ணுக்குத் தடவிய கிரீம், எண்ணெய், பட்டை, ஸ்டிக்கர் எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய அவளுடைய ஸ்கேட்டிங் ஹெல்மெட்டை இதே ஸ்ப்ரே ஆறே வாரத்தில் ஒன்றுக்கும் ஆகாமல் செய்துவிட்டது. அதுவும் என் கையாலேயே. அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் விமர்சனம் பாதிதான்.

பொருள் இது: 177 மில்லி பம்ப் பாட்டில், உள்ளே 30 சதவீதம் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து. டெக்சாஸில் இருக்கும் தம்பி போன முறை வந்தபோது, "அக்கா, ஊரில் டெங்குன்னு பயந்துக்கிட்டே இருக்கியே, இந்தா" என்று இரண்டு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான். பிராண்ட் பெயர் வேண்டாம். எந்தப் பெயரில் விற்றாலும் உள்ளே டீட் இருந்தால் கதை இதேதான், அதனால் பெயரைச் சொல்லி ஒருவரை மட்டும் மாட்டிவிடுவதில் அர்த்தமில்லை.

நாங்கள் இருப்பது வேளச்சேரி. எங்கள் பகுதியில் கொசு என்றால் உடனே எல்லோரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் பழியைப் போடுவார்கள். 2022இல் அது உலக முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததில் எனக்குப் பெருமைதான், பாவம் அதற்கு எதற்கு இந்தக் கெட்ட பெயர்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது மூடி போடாத மொட்டைமாடித் தொட்டியிலும், பூந்தொட்டித் தட்டிலும், யாரோ தூக்கிப்போட்ட தேங்காய் ஓட்டிலும்தான். ஸ்கேட்டிங் வகுப்பு வாரத்தில் மூன்று நாள், மாலை நாலரையிலிருந்து ஆறு வரை, திறந்தவெளி ரிங்க். ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு, விடிந்த பிறகு இரண்டு மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் அதற்குச் சாப்பாட்டு வேளை. வகுப்பு நேரத்தைக் கொசுவைக் கேட்டு வைத்தார்களோ என்னவோ, அப்படிப் பொருந்தும். ஆறு மணிக்குப் பிறகு இரவில் கடிக்கிற க்யூலெக்ஸ் கொசு டூட்டிக்கு வந்துவிடும். போன ஐப்பசியில் எதிர் வீட்டுப் பையன் டெங்குவில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான், பிளேட்லெட் எண்ணிக்கையை எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குழுவில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு நான் எதையும் தடவத் தயாராகத்தான் இருந்தேன்.

இதற்கு முன் பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிங்கில் பாதிப் பிள்ளைகள் கையில் கலர் கலராக ஒரு ரப்பர் பட்டை இருக்கும், எலுமிச்சைப்புல் வாசனை அடிக்கும், கொசு விரட்டும் என்று சொல்லி விற்பது. நாங்களும் வாங்கினோம். பட்டை கட்டிய மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலேயே கடித்திருந்தது. சிட்ரொனெல்லா எண்ணெயும் பார்த்தாயிற்று, வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் திரும்பி உட்கார்வதற்குள் அதன் வேலை முடிந்துவிடும். இது என் எரிச்சல் மட்டும் இல்லை. 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது, ஆட்களின் கையைக் கொசுக்கூண்டுக்குள் விட்டு நேரம் பார்த்திருக்கிறார்கள். 23.8 சதவீத டீட் சராசரியாக ஐந்து மணி நேரம் தாக்குப்பிடித்தது. சிட்ரொனெல்லா வகைகள் பெரும்பாலும் இருபது நிமிடம்கூட நிற்கவில்லை. மருந்து ஏற்றிய மணிக்கட்டுப் பட்டைகளால் பயனே இல்லை. நான் மூன்று பட்டை வாங்கிய பிறகுதான் இதைப் படித்தேன் என்பது வேறு விஷயம்.

சரி, ஸ்ப்ரேக்கு வருவோம். முதல் நாள் வகுப்புக்குக் கிளம்பும்போது காலிலும் கையிலும் அடித்து, என் உள்ளங்கையில் கொஞ்சம் அடித்துக்கொண்டு அவள் கழுத்திலும் காதோரத்திலும் தடவிவிட்டேன். முகத்தில் நேராக அடிக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. வாசனை ஆஸ்பத்திரியும் இல்லை, பூவும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. தோலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு, வியர்த்தால் அது இன்னும் தெரியும், அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கடி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லோரும் காலை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன், எனக்கும் கொஞ்சம் அடித்துக்கொண்டிருந்தேன் இல்லையா. வீட்டுக்கு வந்து அவள் குளிக்கும்போது தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு தடிப்புகூட இல்லை. அன்றைக்கே தம்பிக்கு போன் போட்டு, இன்னும் நாலு பாட்டில் வாங்கி வை என்று சொல்லிவிட்டேன்.

முதல் அறிகுறி நகப்பூச்சு. பொங்கலுக்குப் போட்ட சிவப்பு நகப்பூச்சு பிசுபிசுவென்று ஆகி விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது, துணியில் எல்லாம் கறை. கடையில் மட்டமான நகப்பூச்சைக் கொடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தது என் கைக்கடிகாரம். நடைப்பயிற்சிக்குக் கட்டுகிற சாதாரண டிஜிட்டல் கடிகாரம், முகப்பு பிளாஸ்டிக். அது பனி படிந்த மாதிரி மங்கிவிட்டது, துடைத்தும் போகவில்லை. பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் என் மண்டையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வில்லன் இரண்டு முறை வந்து ஆஜர் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

மூன்றாவதாகத்தான் ஹெல்மெட். கறுப்பு, மேட் ஃபினிஷ், பக்கவாட்டில் ஒரு யூனிகார்ன் ஸ்டிக்கர். ஒரு நாள் வகுப்பு முடிந்து கழற்றும்போது பார்க்கிறேன், இரண்டு பக்கமும் காதுக்கு மேலே பளபளவென்று திட்டுத் திட்டாக இருந்தது. ஏதோ ஒட்டிக்கொண்டது என்று முந்தானையால் துடைத்தேன், துணி நூல் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அது திட்டு இல்லை, விரல். இடப்பக்கம் நான்கு விரல், வலப்பக்கம் நான்கு விரல், முன்னால் விளிம்பில் இரண்டு கட்டைவிரல். ரேகை கோடு கோடாகப் பதிந்திருந்தது, போலீஸ்காரர் பவுடர் தூவி எடுக்கத் தேவையே இல்லை. அவள் விரல் அவ்வளவு பெரிதில்லை. ஒவ்வொரு நாளும் ஸ்ப்ரே அடித்துவிட்டு, கழுத்தில் தடவிவிட்டு, அதே கையோடு ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தலையில் மாட்டி பக்கிளைப் போட்டுவிடுவது யார்? நான்தான்.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டால், "லேபிளைப் படிக்கலையா அக்கா?" என்றான். படித்தேன். பின்பக்கம், மடித்து ஒட்டிய தாளுக்குள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் இருக்கிறது: பிளாஸ்டிக், தோல் பொருட்கள், ரேயான், ஸ்பாண்டெக்ஸ், கடிகார முகப்பு, பெயின்ட், வார்னிஷ் இவற்றைச் சேதப்படுத்தலாம். சட்டப்படி அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் முன்பக்கம் கூடாரம், மலை, மிதிவண்டி ஓட்டுகிற குடும்பம் என்று படம் போட்டு, அந்தக் குடும்பத்தின் தலையில் ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டுப் பின்பக்கம் இதைச் சொன்னால் என்ன நியாயம்? அந்தப் படத்துக்குக் கீழேயே ஒரு வரி போட்டிருந்தால் எனக்கு இரண்டாயிரம் மிச்சம். ரேயானையும் கவனியுங்கள், நம்மில் பாதிப் பேருடைய குர்தி ரேயான்தான். ஸ்பாண்டெக்ஸ் என்பது போட்டிக்குப் போடுகிற அந்த உடம்போடு ஒட்டிய ஸ்கேட்டிங் உடை. பருத்தி, கம்பளி, நைலான் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் மதியம் தூங்கும்போது, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளைப் பரப்பி ஒரு சோதனை செய்தோம், நானும் பெண்ணும். வீட்டில் கிடந்த பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் ஒரு சொட்டு ஸ்ப்ரே. பழைய சிடி உறை, சிடி, வேலை செய்யாத டிவி ரிமோட், இவருடைய டேபிள் டென்னிஸ் பந்து, டிபன் டப்பா மூடி, ஷாம்பு பாட்டில். சிடி உறைதான் முதலில் சரணடைந்தது, அரை மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது பால் மாதிரி வெளுத்து, விரலை வைத்தால் பள்ளம் விழுகிற அளவுக்கு இளகியது. சிடியில் சொட்டு விழுந்த இடம் மங்கி ஒரு வளையம். ரிமோட்டில் பொத்தானைச் சுற்றியிருந்த பெட்டி பிசுபிசுத்தது. பந்தின் மேல் பளபளப்பான ஒரு வட்டம் (இவர் எழுந்து வந்து பார்த்தபோது நடந்த உரையாடலை இங்கே எழுத முடியாது). டிபன் டப்பா மூடியும் ஷாம்பு பாட்டிலும் அசையவே இல்லை, துடைத்தால் புதுசு மாதிரி.

என் பெண் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி: "அப்போ இந்த ஸ்ப்ரே பாட்டில் மட்டும் ஏம்மா உருகல?" பாட்டிலைத் திருப்பிப் பார்த்தோம், அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருந்தது. அது பிளாஸ்டிக் வகையைச் சொல்கிற எண், 2 என்றால் அடர் பாலிஎத்திலீன். டிபன் டப்பா மூடியில் 5, பாலிபுரோப்பிலீன். இந்த இரண்டும் டீட்டுக்கு அசராதவை. சிடி உறை பாலிஸ்டைரீன், சிடி பாலிகார்பனேட், ரிமோட் ஏபிஎஸ். டேபிள் டென்னிஸ் பந்து 2014க்கு முன்னால் செல்லுலாய்டில் வந்தது, அதற்கப்புறம் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள், இப்போது பல பந்துகள் ஏபிஎஸ்தான். செல்லுலாய்டும் டீட்டுக்குத் தாங்காது என்பதால் பழைய பந்தாக இருந்திருந்தாலும் இவருக்கு வருத்தம்தான்.

காரணம் எளிமையானது. டீட் கொசுவுக்கு விரட்டி, சில பிளாஸ்டிக்குகளுக்குக் கரைப்பான். தெர்மாகோலில் பெட்ரோல் ஊற்றினால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மாடல் செய்த எல்லோருக்கும் தெரியும், அதே வகை சமாச்சாரம், கொஞ்சம் மெதுவாக. பிளாஸ்டிக்கின் நீளநீளமான சங்கிலி மூலக்கூறுகளுக்கு நடுவில் டீட் புகுந்து உட்கார்ந்து அவற்றைத் தளர்த்திவிடும். பாலிகார்பனேட், ஏபிஎஸ், பாலிஸ்டைரீன், அக்ரிலிக் மாதிரி உள்ளே ஒழுங்கில்லாமல் சிக்கிக் கிடக்கும் வகைகளில் புகுவது சுலபம். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் இவற்றில் மூலக்கூறுகள் ஓரளவுக்கு வரிசையாக அடுக்கியிருக்கும், அதனால் டீட்டால் உள்ளே நுழைய முடிவதில்லை.

இதில் பிசுபிசுப்பு பெரிய விஷயம் இல்லை. அசிங்கமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. ஹெல்மெட்டின் காற்றுத் துளை விளிம்பில், வார் கோத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், முடி மாதிரி மெல்லிய கீறல்கள் நாலைந்து, சிலந்தி வலை போல விரிந்திருந்தன. விழுந்ததே இல்லை அந்த ஹெல்மெட். பிளாஸ்டிக்கைச் சூட்டில் அச்சில் வார்த்து ஆறவைக்கும்போது மூலைகளிலும் துளை ஓரங்களிலும் உள்ளே ஒரு இழுப்பு தங்கிவிடும். சாதாரணமாக அது ஒன்றும் செய்யாது. கரைப்பான் பட்டால் அந்த இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும், வெளியிலிருந்து யாரும் அடிக்காமலேயே விரிசல் விடும். ஸ்கேட்டிங் மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையில் வாங்கி, இரண்டு கட்டைவிரலாலும் விளிம்பை லேசாக அழுத்தினார், கறுக்கென்று ஒரு சத்தம். "மேடம், இதை இனிமே தலையில மாட்டாதீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். உள்ளே இருக்கும் வெள்ளை நுரையும் தெர்மாகோல் குடும்பம்தான், பாலிஸ்டைரீன். விழும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்த நுரை, அது உடைந்து சிதறாமல் மேலே பிடித்துவைத்திருப்பது பாலிகார்பனேட் ஓடு. இரண்டுமே டீட்டுக்கு ஆகாதவை. நெற்றியில் தடவிய ஸ்ப்ரே வியர்வையோடு ஊறி உள்ளே எவ்வளவு போனதோ, மேலே ஒட்டிய பஞ்சைப் பிரித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

ஹெல்மெட் வாங்கிய கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை, பெயர் சொல்லாமல். ரசீதோடு போனேன். கவுன்டரில் இருந்த பையன் பார்த்துவிட்டு, "வெயில்ல வெச்சிருப்பீங்க மேடம்" என்றான். வெயில் எப்படித்தம்பி என் கைரேகையோடு அடிக்கும் என்று கேட்டேன், சிரித்தான். மாற்றித் தரமாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன், தரவும் வேண்டாம், தப்பு என்னுடையது. ஆனால் விற்கும்போது ஒரு வாக்கியம் சொல்லலாம் இல்லையா? ஹெல்மெட்டோடு வந்த மடிப்புத் தாளில் கரைப்பான், பெட்ரோல், பெயின்ட், தின்னர் படக் கூடாது என்று இருக்கிறது. கொசுவிரட்டி ஒரு கரைப்பான் என்று எந்த அம்மாவுக்குத் தோன்றும்? நானும் தின்னர் எதுவும் ஊற்றவில்லையே என்று சாதிக்கத்தான் பார்த்தேன்.

ரிங்கில் இந்தக் கதையைச் சொன்னதும் ஆளாளுக்குத் தங்கள் பையைத் திறந்தார்கள். ஒருவருடைய பையனின் குளிர்கண்ணாடி, விளையாட்டுக்குப் போடுகிற பாலிகார்பனேட் லென்ஸ், இரண்டு மாதமாக மங்கலாகவே இருக்கிறது என்று டாக்டரிடம் பவர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கண் நன்றாக இருக்கிறது, கண்ணாடிதான் போய்விட்டது. இன்னொரு பெண்ணின் முழங்கால் பேடின் மேல் ஓடு வெளுத்து ஓரத்தில் உரிந்திருந்தது. கிரிக்கெட் கோச்சிங் போகும் பையன்களின் ஹெல்மெட் ஓடு பெரும்பாலும் ஏபிஎஸ் என்பதால் அங்கேயும் இதே கவனம் வேண்டும். ஷட்டில் விளையாடுபவர்கள் தப்பித்தார்கள், பிளாஸ்டிக் ஷட்டிலின் சிறகு நைலான்.

அடுத்து எல்லோரும் கேட்ட கேள்வி: பிளாஸ்டிக்கையே கரைக்கிறதே, பிள்ளைகள் தோலை என்ன பண்ணும்? எனக்கும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது, இது நேற்று வந்த மருந்து இல்லை. அமெரிக்க ராணுவத்துக்காகக் கண்டுபிடித்து 1946இல் பயன்பாட்டுக்கு வந்தது, 1957இலிருந்து பொதுமக்கள் தடவிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998இலும் 2014இலும் மறுபடி ஆராய்ந்து, லேபிளில் உள்ளபடி பயன்படுத்தினால் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவர் சங்கத்தின் கணக்கு, பிள்ளைகளுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு மாதம் ஆகாத கைக்குழந்தைக்குத் தடவவே கூடாது. தோல் பிளாஸ்டிக் இல்லை. எலுமிச்சைச் சாறு பளிங்குத் தரையை அரிக்கிறது, அதையேதான் நாம் ரசத்தில் பிழிந்து குடிக்கிறோம். அதற்காகக் குடம் குடமாகத் தடவலாம் என்று இல்லை, கண்ணில் பட்டால் எரியும், வாயில் போனால் ஆபத்து. அதனால்தான் பிள்ளைகளின் உள்ளங்கையில் அடிக்கக் கூடாது என்கிறார்கள், கை எப்படியும் வாய்க்கும் கண்ணுக்கும் போகும். ஹெல்மெட்டுக்கும் போகும் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

நம் ஊர் மருந்துக்கடைக் கிரீம் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையா என்று ஒருவர் கேட்டார். டியூபின் பின்னால் பாருங்கள், பலவற்றில் டைஎத்தில் பென்சமைடு 12 சதவீதம் என்று இருக்கும். டீட்டின் முழுப் பெயரே டைஎத்தில் மெத்தில் பென்சமைடு, அதாவது ஒரு மெத்தில் மட்டும் குறைந்த தம்பி முறை. சதவீதம் குறைவு, கிரீம் வேறு, ஆனாலும் குடும்பம் ஒன்றுதான் என்பதால் அதைத் தடவினாலும் நான் கையைக் கழுவாமல் ஹெல்மெட்டைத் தொடுவதில்லை.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் மாறிவிட்டது. ஸ்ப்ரே ரிங்கில் அடிப்பதில்லை, வீட்டிலேயே, கிளம்புவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்னால், பால்கனியில் நிற்கவைத்து. ஹெல்மெட், பேட், கண்ணாடி எல்லாம் அப்போது உள்ளறையில் இருக்கும். வெயில் கிரீம் போடுவதென்றால் அது முதலில், காய்ந்த பிறகுதான் இது. நெற்றி, தாடை, முழங்கால், முழங்கை, அதாவது ஏதாவது ஒரு பிளாஸ்டிக் வந்து உட்காரப்போகிற இடம் எதிலும் தடவுவதில்லை, அந்த இடத்தை எப்படியும் பேடே மூடிவிடுகிறது, கொசு பேடைக் கடித்துக்கொள்ளட்டும். பருத்திக் காலுறையின் மேல் தாராளமாக. கடைசியில் நான் சோப்புப் போட்டு, நக இடுக்கு வரை கழுவிய பிறகுதான் பையைத் தொடுவேன். துடைத்தால் போதாது, வெறும் தண்ணீர் போதாது, பிசுக்கு போகாது. திரும்பி வந்ததும் அவளுக்கும் சோப்புக் குளியல், உடையை அன்றே அலசிவிடுவேன்.

இவ்வளவு கூத்து வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது, அதைத்தான் நானும் இப்போது வகுப்பு நாட்களில் பயன்படுத்துகிறேன். பிக்காரிடின். தம்பியிடம் சொல்லிவைத்த நாலு பாட்டிலை ரத்து செய்து, 20 சதவீத பிக்காரிடின் வாங்கிவரச் சொன்னேன். 1980களில் பேயர் நிறுவனம் உருவாக்கியது, அமெரிக்கக் கடைகளுக்கு 2005இல் வந்தது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினின் அமைப்பை ஒட்டிச் செய்தார்களாம், அதைக் கேட்டதும் என் மாமியாருக்கு இதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. வாசனை கிட்டத்தட்ட இல்லை, பிசுக்கு குறைவு, முக்கியமாக பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. அதே சாப்பாட்டு மேசை, அதே சிடி உறை, ஒரு சொட்டு வைத்து இரவு முழுக்க விட்டுப் பார்த்தேன், காலையில் துடைத்தால் அப்படியே இருந்தது. கொசு விஷயத்தில் டீட்டுக்குச் சமம் என்றுதான் சொல்வேன், ஒன்றரை மணி நேர வகுப்புக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒரே குறை, எங்கள் தெரு மருந்துக்கடையில் கேட்டால் முழிக்கிறார்கள், அதனால் வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்வரை பாட்டிலைச் சிக்கனமாக அடிக்க வேண்டியிருக்கிறது.

டீட் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஊருக்குப் போகும்போது, வயல் பக்கம், தோட்டத்தில் சாயங்காலம் உட்காரும்போது, தலையில் ஹெல்மெட்டும் இல்லை கையில் கடிகாரமும் இல்லை, அப்போது அதுதான். மதிப்பெண் கேட்டால், கொசுவுக்கு ஐந்து, லேபிள் எழுத்தின் அளவுக்கு ஒன்று, விளையாடுகிற பிள்ளைகள் வீட்டுக்கு இரண்டு. சராசரி எல்லாம் போட வேண்டாம், உங்கள் வீட்டில் என்ன வேலைக்கு என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பிக்காரிடினுக்கு நாலரை, அரை குறைத்தது கிடைக்காததற்கு.

பழைய ஹெல்மெட்டைக் குப்பைக்குப் போட எடுத்துவைத்திருந்தேன். காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வரும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானம்மா இருக்கு, எம் பேரன் சைக்கிள் ஓட்டுறான், எடுத்துக்கிடவா?" என்று கேட்டார். பார்க்க நல்லாத்தான் இருந்தது, யூனிகார்ன்கூடப் பாதி மிச்சம். இல்லக்கா, உடைஞ்சது, தலைக்கு ஆகாது என்றேன். எங்கே உடைஞ்சிருக்கு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார், கீறலைக் காட்டினேன், அது அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்து இரண்டு வாரையும் வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். கொடுக்க மனசில்லாமல் வெட்டுகிறாள் என்று நினைத்திருப்பார். ரெண்டு நாளாக என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.